சாயம் திரண்டால் நிறம் மாறும்: வாசகர் கேள்வி–பதில்

அரோமேட்டிக் (தட்டையான வளைய அமைப்புள்ள) சாயங்கள் கரைசலில் தாமாகவே ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கிக்கொள்ளும். இதைத்தான் திரட்சி என்கிறோம். அடுக்கும்போது நிறம் மாறும், ஒளிர்வு மாறும். அந்த மாற்றத்தை வைத்து வேதிப்பொருள்களைக் கண்டறிவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஆய்வகத்தில் இறங்கி வேலை செய்பவர்களின் கேள்விகளுக்குக் கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

மெத்திலீன் புளூவுக்கு அளவீட்டுக்கோடு போட்டேன். சில மைக்ரோமோலார் வரை நேர்கோடாக வருகிறது, பிறகு வளைந்துவிடுகிறது. 664 நா.மீ. (நானோமீட்டர்) உறிஞ்சல் உச்சியின் பக்கத்தில், 610 அருகே, ஒரு மேடு வளர்ந்துகொண்டே போகிறது. சாயம் சுத்தமில்லையா, கருவிக் கோளாறா?
*(முதுகலை வேதியியல் மாணவி, திருச்சி)*

இரண்டும் இல்லாமலே இது நடக்கும். மெத்திலீன் புளூ தட்டையான மூலக்கூறு. நேர்மின்சுமை இருந்தும், தண்ணீரில் இரண்டிரண்டாக முகம் பார்த்து ஒட்டிக்கொள்கிறது. 664 தனி மூலக்கூறுக்குரியது. 610 பக்கம் வளர்வது இரட்டைக்குரியது. இணையும் மாறிலியை ஒரு மோலாருக்கு 4000 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மைக்ரோமோலாரில் சாயத்தின் 7 விழுக்காடு இரட்டையாக இருக்கும். 100 மைக்ரோமோலாரில் 34 விழுக்காடு, 1 மில்லிமோலாரில் 70 விழுக்காடு. பீர்–லாம்பர்ட் விதி (உறிஞ்சளவு செறிவுக்கு நேர்விகிதம் என்பது) பொய்த்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நீங்கள் ஒரு பொருளை அளப்பதாக எண்ணி இரண்டு பொருள்களை அளக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஆனால் வளைவுக்கு வேறு காரணங்களும் உண்டு, அவற்றைப் பிரித்தறிய வேண்டும். உறிஞ்சளவு 1.5-ஐத் தாண்டினால் கருவிக்குள் சிதறும் ஒளியே கோட்டை வளைக்கும். ஆகவே செறிவு கூடக்கூட குவெட்டின் (கரைசலை வைத்து அளக்கும் கண்ணாடிக் கலத்தின்) தடிமனைக் குறையுங்கள். 10 மைக்ரோமோலாருக்கு 1 செ.மீ., 100-க்கு 1 மி.மீ. குவெட் போதும். செறிவு × தடிமன் மாறாமல் இருப்பதால், திரட்சி இல்லையென்றால் இரண்டு நிறமாலைகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அது திரட்சிதான். மெத்திலீன் புளூவில் வழக்கமாகக் கலந்திருக்கும் அசூர் பி என்ற மாசு 650-ஐ ஒட்டி உறிஞ்சும். நீர்த்தாலும் செறிவூட்டினாலும் அதன் விகிதம் மாறாது. இரட்டையின் மேடோ நீர்த்தால் சுருங்கும், சூடாக்கினாலும் சுருங்கும், எத்தனால் ஊற்றினால் மறைந்தே போகும். அப்போதும் 615 அருகே ஒரு தோள் மிஞ்சும். அது தனி மூலக்கூறின் அதிர்வுத் தோள், 664 உச்சியில் ஏறத்தாழ பாதி உயரம். அதை இரட்டை என்று எண்ணிக் கழித்துவிடாதீர்கள்.

கோட்டின் கீழ்முனையிலும் ஒரு கண் இருக்கட்டும். 1 மைக்ரோமோலார் அளவில் சாயம் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டு கரைசலில் குறைந்துபோகும். ஒவ்வொரு அளவுக்குப் பிறகும் குவெட்டை எத்தனாலும் இரண்டு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் விட்டுக் கழுவுங்கள். நீர்த்த கரைசலில் தொடங்கிச் செறிந்ததை நோக்கி அளந்துகொண்டு போங்கள்.

சில சாயங்கள் திரண்டால் உச்சி நீலப் பக்கம் நகர்கிறது, சில சிவப்புப் பக்கம். ஏன் இந்த வேறுபாடு?
*(மேல்நிலைப் பள்ளி ஆசிரியர், கும்பகோணம்)*

மூலக்கூறுகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஒளியை உறிஞ்சும்போது மின்னூட்டம் மூலக்கூறின் நீளவாக்கில் ஒரு திசையில் ஊசலாடுகிறது. நேருக்கு நேர் அடுக்கினால் பக்கத்துப் பக்கத்து ஊசல்கள் ஒன்றையொன்று விலக்கும். சேர்ந்து ஆட அதிக ஆற்றல் தேவைப்படுவதால் உச்சி குறைந்த அலைநீளத்துக்குப் போகிறது. இது எச் திரள். இதில் ஒளிர்வு பெரும்பாலும் அணைந்துவிடும். கூரை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன் தலை அடுத்ததன் வாலை ஒட்டிச் சரிந்து அடுக்கினால் ஊசல்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். ஆற்றல் குறையும், உச்சி சிவப்புப் பக்கம் நகர்ந்து ஊசிபோல் மெலியும், ஒளிர்வும் கூடலாம். இது ஜே திரள். அடுக்கின் அச்சுக்கும் ஊசலின் திசைக்கும் இடையிலான கோணம் 54.7 பாகையைவிடக் குறைந்தால் ஜே, கூடினால் எச். இந்தக் கணக்கை 1960-களில் ஒழுங்குபடுத்தியவர் அமெரிக்க வேதியியலாளர் மைக்கேல் காஷா.

நிகழ்வு அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1936-இல் இங்கிலாந்தின் ஹாரோவில் கோடக் ஆய்வகத்தில் எட்வின் ஜெல்லியும், ஜெர்மனியில் குந்தர் ஷைபேயும் தனித்தனியே ஒரே சாயத்தில் இதைக் கண்டார்கள். சூடோஐசோசயனின் என்ற அந்தச் சாயம் தனியாக இருக்கும்போது 525 நா.மீ. அருகே அகலமாக உறிஞ்சும். திரண்டதும் 573 அருகே கூர்மையான ஒற்றை உச்சி எழும். புகைப்படச் சுருளில் வெள்ளி ஹாலைடு மணிகளைப் பச்சை, சிவப்பு ஒளிக்கு உணர்வுள்ளதாக்க இத்தகைய திரள்களைத்தான் பல பத்தாண்டுகள் பயன்படுத்தினார்கள்.

ஹெப்பாரினைச் சாயத்தின் நிற மாற்றத்தால் அளப்பதை இளங்கலைத் திட்டப்பணியாகச் செய்ய விரும்புகிறோம். எங்களிடம் சாதாரண ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் (ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவி) மட்டுமே இருக்கிறது. முடியுமா?
*(உயிர்த்தொழில்நுட்ப மாணவர் குழு, மதுரை)*

தாராளமாக முடியும். இந்தத் துறைக்குள் நுழைய இதைவிட நல்ல வழி இல்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தான ஹெப்பாரின் ஒரு நீண்ட சர்க்கரைச் சங்கிலி, அதன் நெடுகிலும் சல்பேட் குழுக்களின் எதிர்மின்சுமை. டொலூயிடின் புளூ நேர்மின்சுமையுள்ள சாயம். சங்கிலியில் வரிசையாக வந்து ஒட்டும்போது சாய மூலக்கூறுகள் நெருக்கி அடுக்கப்படுகின்றன. 630 நா.மீ. உச்சி சரிகிறது, 500-க்கும் 540-க்கும் இடையில் உறிஞ்சல் எழுகிறது, நீலம் ஊதாவாகிறது. திசுக்களில் இந்த நிறமாற்றத்துக்கு மெட்டாக்ரோமேசியா என்று பெயர் வைத்தவர் ஜெர்மன் மருத்துவ அறிஞர் பால் எர்லிக், 1870-களில்.

லிட்டருக்கு 12 மி.கி. டொலூயிடின் புளூ கரைத்தால் ஏறத்தாழ 40 மைக்ரோமோலார். புட்டியின் மேல் சாய விழுக்காடு 80 என்று போட்டிருந்தால் 15 மி.கி. எடுங்கள். ஹெப்பாரின் ஊசிமருந்தை வாங்கும்போது எச்சரிக்கை தேவை. 5 மி.லி. புட்டியில் 5000 யூனிட் உள்ளதும் உண்டு, 25,000 யூனிட் உள்ளதும் உண்டு. மி.லி.க்கு எத்தனை யூனிட் என்பதைப் படித்துவிட்டுத்தான் நீர்க்க வேண்டும். மி.லி.க்கு 5000 யூனிட் உள்ளதில் 0.1 மி.லி. எடுத்து 50 மி.லி. ஆக்கினால் மி.லி.க்கு 10 யூனிட் கிடைக்கும்.

ஆறு சோதனைக்குழாய்களில் 2 மி.லி. சாயம் எடுங்கள். நீர்த்த ஹெப்பாரினை 0, 0.05, 0.1, 0.15, 0.2, 0.3 மி.லி. விட வேண்டும், ஆனால் நேராக அல்ல. முதலில் அதை வேறு குழாயில் தண்ணீரோடு சேர்த்து 2 மி.லி. ஆக்கிவிட்டு, பிறகு சாயத்தில் ஒரே மூச்சில் ஊற்றிக் கலக்குங்கள். செறிந்த ஹெப்பாரின் துளி சாயத்தில் விழுந்தால் அந்த இடத்திலேயே கட்டி கட்டிவிடும், பிறகு கலையாது. இப்போது சாயம் 20 மைக்ரோமோலார், ஹெப்பாரின் மி.லி.க்கு 0 முதல் 0.75 யூனிட் வரை. கலந்த இரண்டு நிமிடத்துக்குப் பிறகு, ஐந்து நிமிடத்துக்குள், 630-இல் அளந்துவிடுங்கள். எல்லாக் குழாய்க்கும் ஒரே நேர இடைவெளி இருக்கட்டும்.

எதிர்பார்க்க வேண்டியதைக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். ஹெப்பாரினில் ஒரு மோல் எதிர்மின்சுமைக்குச் சுமார் 170 கிராம் எடை. 20 மைக்ரோமோலார் சாயத்தை நிரப்ப மி.லி.க்கு 3.4 மைக்ரோகிராம் வேண்டும், அதாவது ஏறத்தாழ 0.6 யூனிட். அதுவரை 630 உச்சி ஒழுங்காக இறங்கும்.

அதைத் தாண்டினால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஹெப்பாரின் மிகுந்துபோனால் சாய மூலக்கூறுகளுக்கு உட்கார நிறைய இடம் கிடைக்கிறது. நெருக்கம் விட்டுப் பரவிக்கொள்ளும், நிறம் மறுபடி நீலத்தை நோக்கித் திரும்பும். ஆக ஒரே உறிஞ்சளவுக்கு இரண்டு விடை வரலாம். தெரியாத மாதிரியை எப்போதும் இரண்டு நீர்ப்பில் அளங்கள். ஒன்று மற்றதன் பாதி. விடைகளும் பாதியாக வந்தால் மட்டும் நம்புங்கள்.

பத்து பதினைந்து நிமிடத்தில் ஊதாத் துணுக்குகள் அடியில் படிந்தால் பயப்பட வேண்டாம். மின்சுமை சமனான கூட்டு கரையாமல் படிகிறது. அதையே முறையாகவும் ஆக்கலாம்: ஹெக்சேன் ஊற்றிக் குலுக்கினால் கூட்டு எண்ணெய்–நீர் எல்லைக்கு ஒதுங்கிவிடும், கீழே தண்ணீரில் மிஞ்சிய சாயத்தை 631-இல் அளக்கலாம்.

உப்பு இந்தச் சோதனைக்குப் பகை. சோடியம் அயனிகள் சல்பேட்டைச் சூழ்ந்து சாயத்தை விலக்கும். பஃபர் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) போட்டால் 10 மில்லிமோலாருக்கு மேல் போகாதீர்கள். உடலியல் அளவு உப்பிலேயே விளைவு பெரிதும் மங்கும். ரத்தப் பிளாஸ்மாவில் உப்போடு புரதமும் சேர்ந்து சாயத்தைப் பிடித்துக்கொள்வதால் நேரடியாக அளக்க முடியாது. திட்டப்பணியில் பிளாஸ்மாவைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கட்டாயம் செய்ய வேண்டிய ஒப்புநோக்கு ஒன்று: 0.2 மி.லி. ஹெப்பாரின் விட்ட குழாயில் (மி.லி.க்கு 0.5 யூனிட், மொத்தம் 2 யூனிட்) 20 மைக்ரோகிராம் புரோட்டமின் சல்பேட் விடுங்கள். 10 மி.கி./மி.லி. ஊசிமருந்தை நூறு மடங்கு நீர்த்து 0.2 மி.லி. எடுத்தால் சரியாக வரும். 1 மி.கி. புரோட்டமின் சுமார் 100 யூனிட் ஹெப்பாரினைப் பிடிக்கும் என்பதால் சாயம் விடுபட்டு நீலம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் நீங்கள் பார்த்தது ஹெப்பாரினின் விளைவு அல்ல.

இன்னொன்றை அறிக்கையில் தைரியமாக எழுதுங்கள். இந்தச் சோதனை ஹெப்பாரினை அடையாளம் காட்டாது. நெருக்கமாக எதிர்மின்சுமை உள்ள எந்தச் சங்கிலியும் இதே ஊதாவைத் தரும். 2008-இல் ஹெப்பாரின் மருந்தில் மிகைச் சல்பேட் ஏற்றிய காண்ட்ராய்டின் கலந்து பல நாடுகளில் நோயாளிகள் பாதிக்கப்பட்டார்கள். அந்தக் கலப்படத்தையும் இந்தச் சாயம் ஹெப்பாரின் என்றே காட்டும். அதைப் பிரித்துக் காட்டியது அணுக்காந்த ஒத்ததிர்வு நிறமாலை.

கடற்பாசிச் சாற்றில் காராஜீனன் எவ்வளவு என்று சாயத்தை வைத்து விரைவாகப் பார்க்கலாமா?
*(கடற்பாசி பதப்படுத்துபவர், மண்டபம்)*

பார்க்கலாம். உணவைக் கெட்டியாக்கப் பயன்படும் காராஜீனனும் சல்பேட் சங்கிலிதான். உங்கள் பக்கம் வளர்க்கும் கப்பாஃபைகஸில் இருப்பது கப்பா வகை: இரண்டு சர்க்கரைக்கு ஒரு சல்பேட். அயோட்டாவில் இரண்டு, லாம்டாவில் மூன்று வரை. ஆகவே ஒரே எடைக்கு ஒரே நிறம் கிடைக்காது. அளவீட்டுக்கோட்டைக் கப்பா காராஜீனனைக் கொண்டே போட வேண்டும்.

இதற்கு டொலூயிடின் புளூவைவிட டைமெத்தில்மெத்திலீன் புளூ சிறந்தது. 16 மி.கி. சாயத்தை 5 மி.லி. எத்தனாலில் கரைத்து, 3.04 கிராம் கிளைசின், 2.37 கிராம் சோடியம் குளோரைடு, 95 மி.லி. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து லிட்டராக்குங்கள். பிஎச் 3.0 வரும், 525-இல் உறிஞ்சளவு 0.31 ஒட்டி இருக்கும். இருக்காவிட்டால் சாயம் முழுக்கக் கரையவில்லை, வடிகட்டிவிட்டு மறுபடி பாருங்கள். பழுப்பு பாட்டிலில், அறை வெப்பத்தில் வையுங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் சாயம் படிந்துவிடும். 0.1 மி.லி. மாதிரிக்கு 2.5 மி.லி. சாயம் ஊற்றி, உடனே 525-இல் அளக்க வேண்டும்.

இந்தக் கரைசலில் உப்பு வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருக்கிறது. மாதிரியோடு வரும் சிறு உப்பு வேறுபாடு அதில் அமுங்கிப்போகும், பலவீனமாக ஒட்டும் வேறு சங்கிலிகளும் விலகும். ஆனால் கடற்பாசிச் சாற்றில் பொட்டாசியம் குளோரைடு மிக அதிகம், அதைத் தாங்காது. அதோடு பொட்டாசியம் கப்பா காராஜீனனைக் கூழாக்கியும் விடும், கூழுக்குள் சாயம் போகாது. சூடான சாற்றில் இரண்டு பங்கு ஐசோபுரப்பைல் ஆல்கஹால் ஊற்றி நாரை எடுத்து, ஆல்கஹாலால் கழுவி, காய்ச்சி வடித்த சூடான தண்ணீரில் கரைத்து, சூடு ஆறுவதற்குள் நீர்த்துவிடுங்கள்.

கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசி கலந்த சரக்கில் ஆல்ஜினேட் இருக்கும். அதன் மின்சுமை கார்பாக்சில் குழுவில் இருப்பதால், சாயக் கரைசலின் பிஎச்-ஐ 1.5-க்கு இறக்கினால் அது சுமையிழந்து ஒதுங்கும், சல்பேட் மட்டும் பேசும்.

ஒரே செய்முறை, ஒரே சாயம். திங்கட்கிழமை திரள்கிறது, புதன்கிழமை திரள மறுக்கிறது. போர்ஃபைரின் சல்போனேட்டில் (டிபிபிஎஸ்) வேலை செய்கிறேன்.
*(ஆய்வு மாணவர், கோவை)*

முதலில் எந்த நிலையில் இருக்கிறது என்று நிறமாலையைக் கேளுங்கள். 413-இல் உச்சி இருந்தால் நடுநிலை வடிவம். 434 என்றால் அமிலம் ஏற்ற தனி மூலக்கூறு. 490-இல் கூர்மையான உச்சி எழுந்தால்தான் ஜே திரள். 434-இலேயே நின்றுவிட்டால் பிஎச் போதும், கரு உருவாகவில்லை என்று பொருள். திரட்சி படிகமாவதைப் போலக் கருவில் தொடங்குகிறது. தூசி, குவெட்டில் ஒட்டிய பழைய திரள், கலக்கும் வேகம் எல்லாம் கருவை முடிவு செய்யும்.

சேர்க்கும் வரிசை இங்கே உயிர்நாடி. செறிந்த சாயத்தை அமிலத்தில் விடுவதும், நீர்த்த சாயத்தில் அமிலத்தை விடுவதும் ஒன்றல்ல. முன்னதில் துளி விழும் இடத்தில் செறிவு மிகுந்து கணநேரத்தில் கருக்கள் பிறக்கும். பின்னதில் நீண்ட நேரம் ஒன்றுமே நடக்காமல் இருந்து பிறகு சட்டென்று கிளம்பும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் குறிப்பேட்டில் எழுதி, கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். சேமிப்புக் கரைசலை இருட்டில் வையுங்கள். அன்றன்று 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, வடித்த பிறகு செறிவை மறுபடி அளங்கள், ஏனென்றால் வடிகட்டியே சாயத்தைக் குடிக்கும். குவெட்டை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடால் கழுவினால் ஒட்டிய திரள் கலைந்து போகும்.

திரண்டால் ஒளிர்வு அணையும் என்கிறார்கள். திரண்டால்தான் ஒளிரும் சாயங்களும் உண்டு என்கிறார்கள். எது சரி?
*(வாசகர், யாழ்ப்பாணம்)*

இரண்டும் சரி. ஃபுளூரசின் போன்ற தட்டைச் சாயங்கள் நெருங்கினால் அணைந்துவிடும். பைரீன் நெருங்கினால் அணையாமல் நிறம் மாறும்: தனியாக 370–400, இரட்டையாக 470–480 நா.மீ. அருகே. இதை ஜெர்மன் வேதியியலாளர்கள் ஃபோர்ஸ்டரும் காஸ்பரும் 1954-இல் விளக்கினார்கள். டெட்ராஃபீனைல்எத்திலீன் போல இறக்கைகள் சுழலும் மூலக்கூறுகள் கரைசலில் ஆற்றலைச் சுழற்சியில் வீணாக்கும், திரண்டால் இறக்கை முடங்கி ஒளிரும். இந்தப் போக்குக்கு 2001-இல் பெயரிட்டது ஹாங்காங்கில் பென் சோங் டாங் குழு. உணர்கருவி வடிவமைக்கிறவர்களுக்கு எங்கள் யோசனை: இருளிலிருந்து ஒளிர்வதையோ இரு நிறங்களின் விகிதத்தையோ தேர்ந்தெடுங்கள். ஒளி அணைவதை மட்டும் நம்பினால், அழுக்கும் ஆக்சிஜனும் சாயம் வெளுப்பதும்கூட "கண்டுபிடித்துவிட்டேன்" என்று சொல்லும்.

மீன் கெட்டதை ஆவியிலேயே கண்டுபிடிக்கும் ஒளிரும் நானோ இழைகள் பற்றிப் படித்தேன். சந்தையில் பயன்படுத்தும் நிலைக்கு வந்துவிட்டதா?
*(மீன் ஏற்றுமதி நிறுவனத் தரக் கட்டுப்பாட்டாளர், தூத்துக்குடி)*

நீங்கள் படித்தது பெரிலீன் டைஇமைடு இழைகளாக இருக்கும். கார் பெயிண்டின் சிவப்பு நிறமிகளுக்கு உறவுக்காரச் சாயம் இது. பக்கச் சங்கிலி பொருத்தமாக இருந்தால் நீளமான இழைகளாக அடுக்கிக்கொள்ளும். தனி மூலக்கூறு குளோரோஃபார்மில் 526, 489, 459 நா.மீ.யில் மூன்று உச்சிகள் தரும், முதலாவது இரண்டாவதைப்போல் சுமார் 1.6 மடங்கு. இந்த விகிதம் 1-க்குக் கீழே இறங்கிவிட்டால் திரண்டுவிட்டது என்று கொள்ளலாம். செய்வது எளிது. குளோரோஃபார்மில் சில நூறு மைக்ரோமோலார் அளவில் கரைத்து, பத்து மடங்கு மெத்தனாலில் விரைவாகப் பாய்ச்சி, அசைக்காமல் இரவு முழுக்க வைத்தால் சிவப்பு இழைகள் மிதக்கும். கலக்கிக்கொண்டே இருந்தால் துண்டு துண்டாகத்தான் வரும்.

ஒளியேற்றிய பெரிலீன் டைஇமைடு எலக்ட்ரானுக்கு ஏங்கும். அமைன் ஆவி இழையில் பட்டால் எலக்ட்ரானைக் கொடுத்து ஒளியை அணைத்துவிடும். ஒளியின் ஆற்றல் இழை நெடுக ஓடுவதால், ஓரிடத்தில் ஒட்டிய அமைனே நீண்ட பகுதியை அணைக்கும். ஆய்வாளர் லிங் ஸாங்கின் குழு 2008-இல் இதை ஆனிலின் போன்ற ஆவிகளில் காட்டியது. அங்கேதான் இதன் பலம். அரோமேட்டிக் அமைன்கள் எலக்ட்ரானை எளிதில் தரும். அம்மோனியா அவ்வளவு எளிதில் தராது, கெட்டுப்போன மீனில் அம்மோனியாவோ நிறைய.

ஆகவே மீனுக்கு எங்கள் கருத்து இதுதான்: பிஎச் மாறினால் நிறம் மாறும் புரோமோகிரசால் கிரீன் போன்ற சாயம் ஏற்றிய பட்டையே மலிவு, போதுமானதும்கூட. எந்தப் பட்டையானாலும் மூன்று இடங்களில் பொய் சொல்லும். சுறாவிலும் திருக்கையிலும் யூரியா இருப்பதால் சீக்கிரமே அம்மோனியா கிளம்பும். நன்னீர் மீனில் டிரைமெத்திலமைன் தரும் மூலப்பொருள் குறைவு என்பதால் தாமதமாகக் காட்டும். ஃபார்மலின் தெளித்த மீனில் அம்மோனியாவும் சில அமைன்களும் ஃபார்மால்டிஹைடோடு வினைபுரிந்து ஆவியாகாமல் நின்றுவிடும், பட்டை "நல்ல மீன்" என்று சொல்லும். ஃபார்மலினுக்குத் தனிச் சோதனை கட்டாயம். கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் அம்மோனியாவுக்கும் ஃபார்மலினுக்கும் தனித்தனிக் காகிதப் பட்டை உருவாக்கியிருப்பது இதனால்தான். ஏற்றுமதிச் சரக்குக்குக் கடைசிச் சொல் ஆவியாகும் கார நைட்ரஜன் அளவுதான். ஐரோப்பிய ஒன்றிய வரம்பு, மீன் இனத்தைப் பொறுத்து 100 கிராமுக்கு 25 முதல் 35 மி.கி.

ஜேசி-1 சாயம் போட்டால் செல்லுக்கு வெளியிலும் சிவப்புத் துணுக்குகள் மின்னுகின்றன. மருந்து கொடுத்த செல்லும் கொடுக்காத செல்லும் ஒன்றாகவே தெரிகின்றன.
*(மருந்தியல் ஆய்வு மாணவி, சென்னை)*

ஜேசி-1 சாயம் செல்லின் ஆற்றல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தத்தால் உள்ளே இழுக்கப்பட்டு, செறிவு கூடியதும் ஜே திரளாகிறது. தனியாக 529-இல் பச்சை, திரளாக 590-இல் சிவப்பு. உங்கள் துணுக்குகள் ஊடகத்திலேயே திரண்ட சாயம். டைமெத்தில் சல்பாக்சைடில் உள்ள சேமிப்பை அறை வெப்பத்துக்கு முழுவதும் கொண்டுவாருங்கள். 37 பாகைக்குச் சூடேற்றிய ஊடகத்தில், சுழற்றிக்கொண்டே துளித்துளியாக விடுங்கள், பிறகு மைய விலக்கியில் சுற்றி மேல்நீரை மட்டும் எடுங்கள். 2 மைக்ரோமோலார், 15 முதல் 30 நிமிடம், பிறகு சூடான பஃபரில் கழுவல். இதுவே போதும். 10 மைக்ரோமோலார் போட்டால் மின்னழுத்தம் பாதி விழுந்த மைட்டோகாண்ட்ரியாவிலும் திரள் நிற்கும். மருந்து கொடுத்ததும் கொடுக்காததும் ஒன்றாகத் தெரிய இதுவே முதல் காரணமாக இருக்கலாம்.

ஒவ்வொரு முறையும் ஒரு கிண்ணத்தில் 50 மைக்ரோமோலார் சிசிசிபி என்ற வேதிப்பொருளைக் கொடுத்து மின்னழுத்தத்தை வீழ்த்துங்கள். அதில் சிவப்பு போகாவிட்டால் அன்றைய அளவீடு எதற்கும் உதவாது. செல்களை ஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்திவிட்டு அளக்கக் கூடாது, மின்னழுத்தம் அப்போதே போய்விட்டது. திரள் கட்டவும் கலையவும் நேரம் எடுப்பதால், நிமிடத்துக்குள் நடக்கும் மாற்றத்தை ஜேசி-1 பின்தொடராது. அதற்கு டிஎம்ஆர்எம் சாயத்தை நானோமோலார் அளவில் போடுங்கள்.

டர்குவாய்ஸ் ரியாக்டிவ் சாயத்தில் மட்டும் மீதத் தொட்டியின் சாய அளவு கணக்கோடு ஒத்துவர மறுக்கிறது. மற்ற சாயங்கள் சரியாக வருகின்றன.
*(சாயப்பட்டறை ஆய்வகப் பொறுப்பாளர், திருப்பூர்)*

ரியாக்டிவ் சாயம் என்பது துணி இழையோடு வேதிப்பிணைப்புக் கொள்ளும் சாயம். டர்குவாய்ஸின் நடுவில் இருப்பது செம்பு தாலோசயனின், பெரிய தட்டை வளையம். மற்ற ரியாக்டிவ் சாயங்களைவிட இது பலமடங்கு வலுவாகத் திரளும். லிட்டருக்கு 50, 60 கிராம் உப்பு போட்ட தொட்டியில் இன்னும் கூடும். தனி மூலக்கூறு 665–670 பக்கம் உறிஞ்சும், இரட்டை 625–630 பக்கம். நீங்கள் உப்பில்லாத தண்ணீரில் அளவீட்டுக்கோடு போட்டு, உப்புத் தொட்டியின் மாதிரியை அதில் வைத்துப் படித்தால் விடை தவறத்தான் செய்யும். நீர்த்தால் கலைந்துவிடும் என்று எண்ண வேண்டாம், இந்த இரட்டை அவ்வளவு இறுக்கமானது. துணியில் திட்டுத்திட்டாகச் சாயம் ஏறுவதற்கும், டர்குவாய்ஸை மற்றவற்றைவிட அதிகச் சூட்டில், 80 பாகையில் ஓட்டுவதற்கும் இதுவும் ஒரு காரணம். பேடிங் கரைசலில் (துணியை நனைத்துப் பிழியும் சாயக் கரைசலில்) யூரியா சேர்ப்பதும் ஓரளவு திரளைக் கலைக்கத்தான்.

அளவுக்கு ஒரு நல்ல வழி உண்டு. ஒரே அளவு சாயத்தை ஐந்து குடுவைகளில் எடுத்து, எத்தனால் 0, 10, 20, 30, 40 விழுக்காடு இருக்கும்படி ஒரே கொள்ளளவுக்கு நிரப்புங்கள். ஐந்து நிறமாலைகளையும் ஒரே தாளில் வரையுங்கள். 630 சரிய, 670 எழும்ப, நடுவே ஓரிடத்தில் கோடுகள் எல்லாம் ஒன்றையொன்று வெட்டும். அந்த அலைநீளத்தில் தனி மூலக்கூறும் இரட்டையும் சமமாக உறிஞ்சுகின்றன. அளவீட்டுக்கோடு, மாதிரி இரண்டையும் அங்கேயே படித்தால் திரட்சி கணக்கைக் கெடுக்காது. தொட்டி மாதிரியை 50 மடங்கு நீர்த்த பிறகே எத்தனால் சேருங்கள். நேராக ஊற்றினால் சோடியம் சல்பேட் வெள்ளையாகப் படிந்து குவெட்டைக் கலங்கடித்துவிடும். கோடுகள் ஒரே புள்ளியில் வெட்டாமல் பரவலாக வெட்டினால், சாயத்தில் இன்னொரு சாயம் கலந்திருக்கிறது அல்லது இரட்டைக்கு மேல் பெரிய திரள் இருக்கிறது. அப்போது இந்த வழியை விட்டுவிட்டு, மாதிரியில் உள்ள அதே உப்பும் காரமும் போட்ட தண்ணீரில் அளவீட்டுக்கோட்டைப் போட வேண்டியதுதான்.